நாற்பத்தைந்துக்குப் பின் நடையும் நிறையும்

"நானும் ஒவ்வொரு நாளும் நடக்கிறன், நிறை மட்டும் குறையுதில்லை." நடுத்தர வயதைத் தொட்ட எங்கள் பெண்கள் பலரிடமும் கேட்கின்ற முறைப்பாடு இது. மூன்று மாதம் நடந்து பார்ப்பார்கள், தராசு அசையாது, நடையையும் விட்டுவிடுவார்கள். நீரிழிவும் இதயநோயும் எங்கள் சமூகத்தில் இவ்வளவு பரவியிருக்கும்போது அப்படி விடுவது ஆபத்தானது.

45 வயதில் உடலின் எரிசக்திச் செலவு திடீரென மந்தமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள். 2021இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று, உடலின் பருமனைக் கணக்கில் எடுத்தால், 20 முதல் 60 வயது வரை அது பெரிதாக மாறுவதில்லை என்று காட்டியது. ஆனால் தசை மெல்ல மெல்லக் குறைகிறது, ஓடியாடித் திரிவதும் குறைகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால், முன்பு இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றில் சேரத் தொடங்குகிறது. நிறை கூடாமலே சட்டை வயிற்றில் இறுகுவதற்குக் காரணம் இதுதான்.

அப்படியானால் எவ்வளவு நடக்க வேண்டும்? அமெரிக்காவில் ஹாவார்ட் ஆய்வாளர்கள் சராசரி 54 வயதுடைய சுமார் 34,000 பெண்களை ஏறத்தாழ 13 வருடங்கள் கவனித்து, 2010இல் முடிவை வெளியிட்டார்கள். வழமையான உணவை உண்டபடி நிறையைக் கூட்டாமல் வைத்திருந்தவர்கள், சராசரியாக நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் மிதமான உடலுழைப்புச் செய்தவர்களே. அதுவும் தொடக்கத்தில் அளவான நிறையோடு இருந்தவர்களுக்குத்தான் இந்தப் பலன் தெரிந்தது. ஏற்கனவே நிறை கூடியவர்களுக்கு உணவைக் குறைக்காமல் நடை மட்டும் போதாது.

கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேர வேக நடையில் பலருக்கு 200 முதல் 300 கலோரிதான் செலவாகும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் மட்டும் ஏறத்தாழ 120 கலோரி உண்டு. நாங்களோ எண்ணெயைக் கரண்டியால் அளப்பதில்லை, போத்தலோடு சரிப்போம்! பிள்ளைகள் மிச்சம் விட்ட சோற்றை வீணாக்காமல் சாப்பிடும் அம்மாமாரும் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது பொதுவான ஆரோக்கியத்துக்கான குறைந்த அளவு. அந்த அளவு நடையே இரத்தச் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் நித்திரைக்கும் நல்லது, நிறை ஒரு கிலோகூடக் குறையாவிட்டாலும். சாப்பிட்ட பின் 10 அல்லது 15 நிமிடம் நடந்தால் சர்க்கரை ஏறுவது குறையும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுதான் சரியான வேகம். "நாள் முழுக்க வேலையில் நிற்கிறேன்" என்பவர்களுக்குக் கால் வலிக்கும், ஆனால் மூச்சு வாங்குவதில்லையே! பனிக்காலத்தில் கடைத்தொகுதிகளுக்குள் நடக்கலாம், காசும் வேண்டாம்.

நடையோடு வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வேலை கொடுங்கள். எங்கள் பெண்கள் அநேகமாகக் கைவிடுவது இதைத்தான். கையூன்றாமல் கதிரையில் இருந்து பத்துத் தரம் எழும்பி இருங்கள், தண்ணீர் நிரப்பிய போத்தல்களைத் தூக்குங்கள், சுவரில் கைவைத்துத் தள்ளுங்கள். தசையோடு எலும்பும் பலப்படும்.

தராசை விட அளவுநாடா நல்ல சாட்சி. சேலை கட்டும் இடத்தில் அளக்காமல், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளவுங்கள். தெற்காசியப் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் அதற்கு மேலும் அபாய எல்லை.

இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரையை இறக்கும் மாத்திரை எடுப்பவர்களும் நடையைக் கூட்டுமுன் வைத்தியரோடு பேசி, வெளியே போகும்போது இனிப்பு ஏதாவது கையில் வைத்திருங்கள். நெஞ்சு வலியோ தலைச்சுற்றோ வந்தால் உடனே நிறுத்தி உதவி தேடுங்கள். உணவும் உழைப்பும் மாறாமல் நிறை மட்டும் வேகமாக ஏறினால் தைரொயிட் பரிசோதனை செய்யும்படி கேளுங்கள்.