ஆட்டத்தின் கடிகாரமும் மருந்தின் கடிகாரமும்

பரளச்சி, திருச்சுழி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து நெடுநாள் சிகிச்சைக்கு வரும் இளையோர்க்குத் தனிமை இருமுறை நேர்கிறது. மருத்துவமனையில் தங்கியிருக்கையில் ஊரும் பள்ளியும் தொலைவில் உள்ளன. வீடு திரும்பிய பின்னும், தோழர்கள் கண்மாய்க் கரையில் பந்தாட, இவர்கள் கட்டிலிலேயே இருக்க நேர்கிறது. அப்போது கைக்கு எட்டும் துணை கைப்பேசியே. அதில் அவர்கள் விரும்பி ஆடும் இணையவழி ஆட்டங்கள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை உடனிருப்போர் அறிந்துகொண்டால், பூசலின்றி வரம்பு வகுக்க இயலும். ஓர் ஆட்டத்தைச் சான்றாகக் கொண்டு இப்பாடம் அமைகிறது.

ஆட்டம் எத்தகையது?

சீனாவின் ஷாங்காய் நகரத்து மிஹோயோ நிறுவனம் 2020 செப்டம்பர் 28 அன்று வெளியிட்ட ஆட்டம் ‘கென்ஷின் இம்பாக்ட்’. ஜப்பானிய அனிமே படங்களின் சாயலில் வரையப்பட்ட கற்பனை நிலத்தில், ஆடுபவர் பயணியாக உலவி, மலை ஏறி, பகைவரை வென்று, கதையைத் தொடர்கிறார். பதிவிறக்கக் கட்டணம் இல்லை. தனியாகவும் ஆடலாம், நால்வர் வரை சேர்ந்தும் ஆடலாம்.

நோயாளிக்கு இதனால் நன்மையும் உண்டு. கவனம் வேறொன்றில் ஆழும்போது வலியுணர்வு தணிகிறது. தீப்புண் சிகிச்சையின்போது எழும் வலியைத் தணிக்க, அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் ‘ஸ்னோ வேர்ல்டு’ என்னும் பனியுலக ஆட்டத்தை உருவாக்கிப் பயன்படுத்தினர். நடக்க இயலாத பிள்ளை ஆட்டத்தில் தோழரோடு மலை ஏறுவதும் ஒருவகை ஆறுதலே.

“ஒரு நிமிடம்” என்பதன் பொருள்

மாத்திரை வேளையில் அழைத்தால், “ஒரு நிமிடம், அம்மா” என்னும் விடை வருகிறது. அதைப் பிடிவாதம் என்று கொள்ளுமுன் ஒரு கேள்வி கேட்கலாம்: “தனியா ஆடுறியா தம்பி, கூட்டாளிகளோட ஆடுறியா?” தனியாட்டத்தில் பட்டியல் திரையைத் திறந்தால் ஆட்டம் அப்படியே நிற்கும்; மருந்து உண்டபின் தொடரலாம். கூட்டாட்டத்தில் அவ்வாறு நிறுத்த இயலாது. இடையில் விலகினால் தோழர்கள் தவிக்க நேரும். ஆகவே மருந்து, உணவு, இன்சுலின் ஊசி, உடற்பயிற்சி ஆகியவற்றுக்கு முந்தைய அரைமணியில் தனியாட்டம் மட்டும் என்று இருவரும் முன்கூட்டியே உடன்படுவது நன்று.

நள்ளிரவு 1.30 மணி

இவ்வாட்டத்தில் நாள்தோறும் நான்கு சிறு பணிகள் தரப்படுகின்றன. ஆசியப் பிரிவுக்குரிய புதிய நாள் நம் நேரப்படி நள்ளிரவு 1.30 மணிக்குப் பிறக்கிறது. பிள்ளை அந்நேரத்தில் விழித்திருப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அப்பணிகளை அடுத்த நள்ளிரவு 1.30 வரை எப்போது வேண்டுமாயினும் முடிக்கலாம். காலை பத்து மணிக்கு ஆடினாலும் பரிசு குறையாது.

‘ரெசின்’ என்னும் ஆட்ட ஆற்றலும் அத்தகையதே. எட்டு நிமிடத்திற்கு ஒன்றாக ஊறி, 200 ஆனதும் நின்றுவிடும். முழுதும் நிரம்ப 26 மணி 40 நிமிடம் ஆகிறது. நாளைக்கு ஒருமுறை திறந்து செலவிட்டாலே அது வீணாகாது. இக்கணக்கைப் பிள்ளையோடு அமர்ந்து போட்டுப் பாருங்கள். உறங்கினால் இழப்பில்லை என்று தானே கண்டவர்க்குக் கைப்பேசியைக் கீழே வைப்பது எளிது. புண் ஆறுவதற்கும் உடல் தேறுவதற்கும் உறக்கம் இன்றியமையாதது.

இலவசத்தின் விலை

புதிய கதைமாந்தரைப் பெறக் குலுக்கல் முறை உண்டு. ஐந்து விண்மீன் மாந்தர் ஒருவர் ஒரு குலுக்கலில் கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு, அதாவது ஆயிரத்தில் ஆறு. 90 குலுக்கலுக்குள் ஐந்து விண்மீன் பரிசு உறுதி. எனினும் விரும்பியவரே வருவார் என்பது உறுதியன்று. ஒரு குலுக்கலுக்கு 160 மணிகள் வேண்டும். 90 குலுக்கலுக்கு 14,400. அன்றாடப் பணிகளால் நாளொன்றுக்குக் கிடைப்பவை 60 மணிகள். அவற்றை மட்டும் சேர்த்தால் 240 நாள் ஆகும். பிற வழிகளிலும் மணிகள் கிடைக்கும் எனினும், பொறுமை இழக்கும் இடத்தில்தான் பணம் கேட்கப்படுகிறது.

இத்தகைய குலுக்கல் விற்பனை குறித்து அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் தொடுத்த வழக்கில், 2025 ஜனவரியில் இவ்வாட்டத்தை வெளியிடும் நிறுவனம் 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோர் இசைவின்றி 16 வயதுக்குட்பட்டோர்க்கு அதை விற்காதிருக்கவும் உடன்பட்டது.

மருந்துக்கும் பயணத்துக்கும் கடன் பெற்று வைத்த பணம் பெரும்பாலும் அதே கைப்பேசியின் கணக்கில்தான் இருக்கிறது. ஆகவே:

1. கூகுள் பிளே செயலியில் ஒவ்வொரு கொள்முதலுக்கும் கடவுச்சொல் கேட்குமாறு அமையுங்கள்.

2. யுபிஐ இரகசிய எண்ணைப் பிள்ளையிடம் சொல்லாதீர்கள்.

3. இலவச மணி தருவதாகக் கூறி கணக்கு விவரமோ ஓடிபி எண்ணோ கேட்போர் மோசடிக்காரர். பணம் பறிபோனால் உடனே 1930 என்னும் எண்ணை அழையுங்கள்.

உடல்நலக் குறிப்புகள்

ஊசிக்குழாய் பொருத்திய கையால் ஆடக் கூடாது. அரைமணிக்கு ஒருமுறை கண்ணுக்கும் கழுத்துக்கும் ஓய்வு தேவை. வலிப்பு நோய் உடையோர் சிலருக்குப் பளிச்சிடும் ஒளி வலிப்பைத் தூண்டக்கூடும்; மருத்துவரைக் கேட்டபின்னரே ஆடவேண்டும்.

எப்போது மருத்துவரிடம் கூறவேண்டும்?

ஆட்டப் பழக்கக் கோளாற்றை உலக நல நிறுவனம் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்துள்ளது. அப்பட்டியல் 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. அடையாளங்கள் மூன்று: ஆட்டத்தைக் கட்டுப்படுத்த இயலாமை, மற்ற கடமைகளுக்கும் விருப்பங்களுக்கும் மேலாக ஆட்டத்தை வைத்தல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல். வாழ்வைப் பெரிதும் பாதிக்கும் அளவில் இவை வழக்கமாக 12 மாதமேனும் நீடித்தால்தான் நோய் எனக் கொள்வர். ஆதலால் சில வாரம் மிகுதியாக ஆடிய பிள்ளையை நோயாளி என்று முத்திரையிட வேண்டா. எனினும் மருந்தைத் தவறவிடுதல், உணவை மறுத்தல், இரவெல்லாம் விழித்தல் ஆகியவை தென்பட்டால் ஓராண்டு காத்திராமல் உங்கள் மருத்துவரிடமோ செவிலியரிடமோ உடனே கூறுங்கள். மனநல ஆலோசனைக்கு ‘டெலி மானஸ்’ கட்டணமில்லா எண் 14416, தமிழிலும் பேசலாம்.

இன்று பிள்ளையின் அருகில் அமர்ந்து, “இந்த ஆட்டம் எப்படி, எனக்கும் காட்டு” என்று கேளுங்கள். பத்து நிமிடம் பார்த்தபின், மருந்து வேளைகளை ஒரு தாளில் எழுதி, எஞ்சிய பொழுதில் ஆட்ட நேரத்தை அவரையே குறிக்கச் சொல்லுங்கள். தாம் குறித்த நேரத்தைக் காப்பதில் பிள்ளைக்கும் பெருமை உண்டு.