ஐசியூவில் 'நம்ம சிஸ்டர்' ஆக 5 வழிகள்

பி.எஸ்சி. நர்சிங் முடித்து, வார்டு அனுபவத்தோடு கிரிட்டிக்கல் கேர் நர்ஸ் பிராக்டிஷனர் கோர்ஸில் சேர்ந்துவிட்டீர்கள். 2 வருட ரெசிடென்சி. ஐசியூவுக்குள் கால் வைத்ததும் சிக்கல் புரியும். ஸ்டாஃப் நர்ஸ்களுக்கு நீங்கள் ஸ்டூடன்ட். டாக்டர்களுக்கு இன்னொரு சிஸ்டர். இரண்டு டீமிலும் உங்களுக்கு நாற்காலி கிடையாது.

இதை வெறும் மனக்கஷ்டம் என்று தள்ளிவிடாதீர்கள். ஆஸ்திரேலிய நர்சிங் பேராசிரியர் ட்ரேசி லெவெட்-ஜோன்ஸின் ஆய்வுகள் சொல்வது இதுதான்: டீமில் ஒருத்தராகச் சேர்ந்த பிறகுதான் கற்றல் வேகமெடுக்கும், அதன் பிறகே திறமை வரும். யார் டீமுக்குள் இருக்கிறாரோ, அவரைத்தான் புரொசீஜருக்குக் கூப்பிடுவார்கள். ஆகவே, உள்ளே நுழையுங்கள்.

1. முதல் வாரமே யூனிட்டை மனப்பாடம் செய்யுங்கள். கிராஷ் கார்ட்டில் எந்த டிராயரில் என்ன மருந்து, ஏபிஜி மெஷின் எங்கே, ஸ்டோர் சாவி யாரிடம். கேட்காமலே எடுத்துக் கொடுக்கும் கை சீக்கிரம் கவனத்துக்கு வரும். வார்டு அட்டெண்டர் வரை பெயர் தெரிந்துகொள்ளுங்கள்.

2. டிகிரியைக் காட்டாதீர்கள். டிப்ளமோ படித்த சீனியர் அக்காவுக்கு வென்டிலேட்டர் அலாரம் அடிக்கும் தொனியிலேயே விஷயம் புரியும். "அக்கா, இது எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" என்று கேளுங்கள். கற்றுக்கொடுத்தவர் உங்களை விட்டுக்கொடுக்க மாட்டார்.

3. ரவுண்ட்ஸில் எஸ்பார் முறையில் பேசுங்கள். நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை, இதே வரிசை. "பெட் 4, பிபி குறையுது சார்" என்றால் நீங்கள் மெசெஞ்சர். "பெட் 4, எம்ஏபி 58. நிமோனியா, செப்டிக் ஷாக். நார்அட்ரினலின் ஓடியும் 65-ஐத் தொடவில்லை, யூரின் குறைகிறது. டோஸ் ஏற்றலாமா, வந்து பார்க்கிறீர்களா?" என்றால் நீங்கள் கிளினீஷியன்.

4. தலையாட்டாதீர்கள். ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயத்தில் தப்பான பழக்கத்தையும் கண்டும் காணாமல் போகும் மாணவிகளை லெவெட்-ஜோன்ஸின் ஆய்வும் பதிவு செய்திருக்கிறது. சென்ட்ரல் லைனைத் தொடும் முன் ஒருவர் கை கழுவவில்லையா? "சிஸ்டர், ஹேண்ட்ரப் இந்தாங்க" என்று பாட்டிலை நீட்டுங்கள். பேஷண்டுக்கும் பாதுகாப்பு, அவர் மானமும் போகாது.

5. லாக்புக் கையெழுத்தை அன்றைக்கே வாங்குங்கள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்றால் டூட்டி மாறிவிடும். கையெழுத்து வாங்கும்போதே, "அடுத்த முறை எதைச் சரி செய்யணும்?" என்று ஒரு கேள்வி. கரெக்ஷன் கேட்கிற ஸ்டூடன்டை பிரிசெப்டர் மறக்க மாட்டார்.

இவ்வளவும் செய்தும் ஒரு யூனிட் உங்களை ஒட்டவிடவில்லை என்றால், உங்கள்மேல் பழி போட்டுக்கொள்ளாதீர்கள். கோர்ஸ் கோஆர்டினேட்டரிடம் தேதி, சம்பவத்தோடு சொல்லி போஸ்டிங் மாற்றிக் கேளுங்கள். இந்த 2 வருடமும் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தால், கோர்ஸ் முடியும், கை பழகியிருக்காது. இன்டர்வியூவில் அது முதல் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.