ஃபைட்டருக்கும் ஒருபொழுது

ராத்திரி 11 மணிக்கு, "அக்கா, என் ஃபைட்டர் மீன் வயிறு பலூன் மாதிரி ஆயிடுச்சு"ன்னு போட்டோ அனுப்பினியே, முதல்ல அதோட வாயைக் கட்டுடி. 2 நாள், தேவைன்னா 3 நாள், ஒரு மணி தீனிகூட வேண்டாம். பட்டினியால சாகாது. நல்லா இருக்கிற மீன் ஒரு வாரம்கூடத் தாங்கும்.

அப்புறம் மேல இருந்து பாரு. செதிள் எல்லாம் அன்னாசிப்பழத் தோல் மாதிரி தூக்கிக்கிட்டு நிக்குதா? அப்படின்னா அது டிராப்ஸி. உள்ளே நீர் கோத்துக்கிச்சு, பிழைக்கிறது கஷ்டம். உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். செதிள் படிஞ்சு, வயிறு மட்டும் உப்பி, சாஞ்சு சாஞ்சு நீந்தினா பெரும்பாலும் மலச்சிக்கல்தான். பெண் மீன்னா முட்டையாவும் இருக்கலாம்.

பட்டினி போட்டும் வத்தலையா? மெடிக்கல் ஷாப்புல எப்சம் சால்ட் கேளு. சமையல் உப்பு இதுக்கு உதவாது. எப்சம்னா மக்னீசியம் சல்ஃபேட், குடலை இளக்கும். தொட்டித் தண்ணி எவ்வளவு சூடோ அதே சூட்டுல, குளோரின் போன தண்ணி 4 லிட்டர் எடு. அதுல ஒரு டேபிள்ஸ்பூன் நல்லா கரைச்சு, மீனை 10 நிமிஷம் விடு. பக்கத்துலயே உட்காரு, தவிச்சா உடனே எடுத்துடு. தொட்டியிலயும் தண்ணி மட்டத்தைக் குறை. மேல வந்து காத்து குடிக்கிற மீன், உப்பின வயித்தோட ஏற முடியாம திணறும்.

இப்போ வியாதியோட காரணத்துக்கு வரேன். ஃபைட்டரோட இரைப்பை ரொம்பச் சின்னது. ஒரு வேளைக்கு 2, 3 பெல்லட் போதும், அதையும் கொஞ்ச நேரம் ஊற வச்சுப் போடு. காய்ஞ்சது உள்ளே போய் ஊறினா வயிறு என்ன ஆகும்? காய்ஞ்ச பிளட்வார்மும் அப்படித்தான். வேகவச்ச பட்டாணி கொடுன்னு யாராவது சொல்லுவாங்க. இது பூச்சி, புழு தின்கிற ஜாதி, பட்டாணி எதுக்கு? அதைவிட மொய்னாங்கிற தண்ணித் தெள்ளு தேவலை. நம்ம மெட்ராஸ்ல வண்ண மீன்னா கொளத்தூர்தான், அங்கே கேட்டாலே கிடைக்கும். டியூபிஃபெக்ஸ் புழு மட்டும் வேண்டாம், சாக்கடைச் சேத்துல வளர்றது.

அந்தத் தொட்டியை ஏசி ரூம்ல ஏன் வச்சே? 26-லேர்ந்து 28 டிகிரி சூட்டுல இருக்கவேண்டிய மீன் அது. ராத்திரி பூரா குளிர்ல கிடந்தா தின்னது செரிக்காது. ஹாலுக்கு மாத்து. மார்கழியில ஹாலும் குளிரும், சின்ன ஹீட்டர் ஒண்ணு வாங்கிடு. மெட்ரோ தண்ணின்னா ஒரு நாள் திறந்த பக்கெட்ல வச்சு ஊத்து, இல்லை ஆன்டி-குளோரின் சொட்டு விடு. கேன் தண்ணி சுத்தம்னு அதை மட்டுமே ஊத்தாதே, ஆர்.ஓ.ல மீனுக்கு வேண்டிய தாதுவும் போயிடும்.

அம்மா சனிக்கிழமை ஒருபொழுது இருக்காங்க இல்லே? இனிமே வாரா வாரம் அன்னிக்கு ஃபைட்டருக்கும் தீனி கிடையாது, அதுக்கு அந்த ஒருபொழுதும் கிடையாது. அப்பாகிட்ட கண்டிப்பா சொல்லி வை. நீ ஆபீஸ் கிளம்பினதும், "பாவம், பசியா இருக்கும்"னு அவர் பங்குக்கு நாலு போடுறார். போன தடவை மயிலாப்பூர் வந்தப்போ நானே பார்த்தேன்.