ஆயுளின் மூன்றாம் பங்கு

நாலடியாரின் முதல் மூன்று அதிகாரங்கள் செல்வம், இளமை, யாக்கை ஆகியவற்றின் நிலையாமையைக் கூறுகின்றன. அவற்றை அடுத்து நிற்பது அறன் வலியுறுத்தல். இவ்வரிசை நாம் கருதத்தக்கது. நிலையாமையை உணர்வது மனம் சோர்வதற்கன்று. அறத்தை இன்றே தொடங்குவதற்கேயாம். பன்னிரு அனுப்பிரேட்சைகளுள் அநித்திய பாவனை முதலாவதாக வைக்கப்பட்டிருப்பதும் நினையத்தக்கது.

ஆயினும் நம் இல்லங்களில் வழங்கும் பேச்சு வேறு. "மகள் திருமணம் முடியட்டும், பணி ஓய்வு பெற்றபின் விரதம் ஏற்போம், நூல் ஓதுவோம்" என்கிறோம். இவ்வாறு தள்ளிவைப்பதில் உள்ள இடரை, ஆயுள் வினை பற்றிய ஆகமக் கருத்துத் தெளிவாகக் காட்டுகின்றது.

மறுபிறவி முடிவாகும் வேளை

எண்வினைகளுள் ஏனைய ஏழும் இல்லறத்தாராகிய நம்மை இடையறாது வந்து பற்றுகின்றன. மறுபிறவிக்குரிய ஆயுள் வினையோ சில வேளைகளில் மட்டுமே கட்டுறும். இப்பிறவியின் ஆயுளில் இரு பங்கு கழிந்து, மூன்றில் ஒரு பங்கு எஞ்சும்போது முதல் வேளை வாய்க்கும். அப்போது கட்டுறாவிடின், எஞ்சியதிலும் மூன்றில் ஒரு பங்கு நிற்கும்போது அடுத்த வேளை. இவ்வாறு எட்டு முறை வாய்க்கும். எட்டிலும் கட்டுறாவிடின் இறுதி அந்தர்முகூர்த்தத்தில் கட்டுறும். ஒவ்வொரு வேளையும் 48 நிமிடமாகிய ஒரு முகூர்த்தத்திற்கும் குறைந்ததே.

ஒருவர் 81 ஆண்டு வாழ்வார் எனக் கொள்வோம். அவருக்கு முதல் வேளை 54 ஆண்டு நிறைந்தபோது வரும். பின் 72, 78, 80 ஆண்டுகள் நிறைந்தபோது வரும். ஓய்வுக்குப்பின் அறம் செய்வோம் என்றிருந்தவருக்கு முதல் வேளை முன்னரே கடந்துவிட்டது! அன்று அவர் உள்ளம் சினத்தில் இருந்ததோ, சாந்தத்தில் இருந்ததோ! நம் ஆயுள் எத்துணை என்பதை நாம் அறியோம். ஆகவே நமக்குரிய வேளை எதுவென்பதையும் அறியோம். 30 ஆண்டே வாழ்பவனுக்கு அது 20 வயதில் வந்துவிடும்.

பேராசையும் மிகு தொழில்முனைப்பும் நரக ஆயுளுக்கும், வஞ்சகம் விலங்கு ஆயுளுக்கும், குறைந்த பற்றும் இயல்பான மென்மையும் மனித ஆயுளுக்கும் காரணம் எனத் தத்துவார்த்த சூத்திரம் கூறும்.

சிரேணிகன் வரலாறு

மகத மன்னன் சிரேணிகன் யசோதர முனிவரின் கழுத்தில் இறந்த பாம்பை இட்டு நரக ஆயுளைக் கட்டிக்கொண்டான். பின்னர் வர்த்தமானரின் திருவடி சார்ந்து தூய நற்காட்சி பெற்றான். அதனால் 33 சாகரோபம ஆயுள் 84,000 ஆண்டுகளாகக் குறைந்தது. எனினும் நரகம் அறவே நீங்கவில்லை. அவனே வரும் காலச் சுழற்சியில் மகாபத்மர் என்னும் முதல் தீர்த்தங்கரர் ஆவான் என்பர். முன்னரே விழித்திருத்தல் வேண்டும் என்பதும், காலம் கடந்தவர்க்கும் அறம் பயன் தரும் என்பதும் இதனால் விளங்கும்.

ஆதலின் பெரிய விரதத்திற்கு நாள் பார்த்துக் காத்திராமல், இயன்ற சிறிய விரதத்தை இன்றே ஏற்போம். பகை கொண்ட உறவினரிடம் இன்றே பொறுத்தருள வேண்டுவோம். கதிரவன் மறையுமுன் உண்போம். உறங்குமுன் ஒரு பக்கமேனும் அறநூல் ஓதுவோம். வேளை எப்போது வரினும், நம் உள்ளம் நன்னிலையில் இருப்பதாக.

அறம் வளர்க!