அம்மா மோட்டார் சைக்கிள் பழகினார்

ஆரணியில் பட்டுப் பாவும் ஊடையும் மோட்டார் சைக்கிளில் போவதை நாள்தோறும் காண்கிறோம். ஓட்டுபவர் பெரும்பாலும் ஆண்கள்தாம். அப்பாவுக்குக் கண் அறுவை நடந்ததால், நெய்த சேலையை முதலாளியிடம் சேர்க்க எங்கள் வீட்டில் ஆளில்லை. ஆகவே சென்ற கோடையில் அம்மா பழகுநர் உரிமம் வாங்கினார்.

முதல் நாளே விழுந்தார். முழங்கைச் சிராய்ப்பைவிடத் தெருவார் சிரித்ததே அவருக்கு வலித்தது. மறுநாள் வண்டியைத் தொடவே இல்லை.

பெரிய மாமா வந்து பாடம் சொன்னார். "முன் சக்கரத்தைப் பார்க்காதே, போகிற இடத்தைப் பார். கிளட்சை மெல்ல விடு, வண்டி குதிக்காது." ஊர்ந்து போனால் பயமில்லை என்றுதான் நாம் எண்ணுகிறோம். உண்மையில் அப்போதுதான் வண்டி சாயும். சற்று வேகம் பிடித்தால் நிலைப்படும். நிறுத்த இரு பிரேக்கும் வேண்டும். மணல் கிடக்கும் திருப்பத்தில் முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் சறுக்கிவிடும்.

நான் படித்த செய்தி ஒன்றை அம்மாவிடம் சொன்னேன். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஊக்கத்தால், அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தது. கேலியைப் பொருட்படுத்தாமல் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் பழகினர். பெண்கள் சைக்கிள் கிடைக்காதபோது ஆண்கள் சைக்கிளையே வாங்கினர். அதன் குறுக்குக் கம்பியில் குழந்தையை உட்கார வைக்கலாமே!

அம்மா சிரித்துவிட்டார். மறுநாள் விடியுமுன்னே வண்டியை எடுத்தார்.

கியர் வண்டிக்கு 18 வயது நிரம்ப வேண்டும். எனக்கு இன்னும் மூன்று ஆண்டு இருக்கிறது. அம்மா இப்போது உரிமம் பெற்று, சேலைகளை அவரே கொண்டுபோகிறார். சந்தைத் திருப்பத்தில் மட்டும் இறங்கித் தள்ளுகிறார்.