கடிகார வேகமும் பற்றரிச் சக்தியும்

மாணவர்களே, 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. வத்தேகமயிலும் பரீட்சைக்குப் படித்த பிள்ளைகளுக்கு மடிக்கணினியின் பற்றரி ஒன்றே துணை. பற்றரி நீடிக்க என்ன செய்யலாம் என்று கேட்டால், "முறைவழியாக்கியின் வேகத்தைக் குறைக்க வேண்டும்" என்றே பலர் எழுதுகின்றனர். இது அரைவாசி விடை மாத்திரமே.

முறைவழியாக்கியில் உள்ள திரான்சிற்றர்கள் கடிகாரத் துடிப்புக்கேற்ப மாறிமாறி மின்னேற்றப்பட்டு மின்னிறக்கப்படுகின்றன. இதற்குச் செலவாகும் வலுவைப் பின்வருமாறு எழுதலாம்:

வலு ∝ கொள்ளளவம் × (வோல்ற்றளவு)² × மீடிறன்

(கலைப் பிரிவில் படித்த எனக்கே விளங்கும் சூத்திரம் இது, பயப்பட வேண்டாம்.)

மீடிறனை மட்டும் அரைவாசியாக்கினால் வலு அரைவாசியாகும். ஆனால் அதே வேலையை முடிக்க இருமடங்கு நேரம் எடுக்கும். சக்தி = வலு × நேரம் என்பதால், அவ்வேலைக்கான சக்தி சிறிதும் குறையாது! வலுவையும் சக்தியையும் ஒன்றெனக் கருதுவோர் தவறுவது இந்த இடத்திலேயே.

அப்படியானால் இலாபம் எங்கே? மீடிறன் குறையும்போது திரான்சிற்றர் நிலைமாறுவதற்குக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. எனவே குறைந்த வோல்ற்றளவே போதும். அந்த வோல்ற்றளவு வர்க்கமாகச் சூத்திரத்தில் வருகிறது.

உதாரணம்: மீடிறன் 1.6 இலிருந்து 0.8 கிகாஹேட்ஸ் ஆகவும், வோல்ற்றளவு 1.2 இலிருந்து 0.9 ஆகவும் குறைகின்றன என்க.
வலு விகிதம் = (0.75)² × 0.5 = 0.28
நேரம் இருமடங்கு. ஆகவே சக்தி விகிதம் = 0.56

அதாவது முறைவழியாக்கியின் சக்தியில் 44% மீதம். ஆனால் திரையும் அந்த இருமடங்கு நேரம் எரியும் என்பதை மறக்க வேண்டாம். ஆதலால் பெரிய வேலையை விரைவில் முடித்து ஓய்வது சில வேளை நல்லது. தட்டச்சு செய்யும்போதோ முறைவழியாக்கி பெரும்பாலும் காத்திருக்கிறது. மடவளையில் ஆள் ஏற்ற நிற்கும் பஸ்ஸில் சாரதி அக்சிலேட்டரை மிதித்துக்கொண்டிருப்பாரா? இத்தகைய வேளையில் வேகத்தைத் தாழ்த்துவது பணிசெயல் முறைமையின் வேலை.

இன்டெல் நிறுவனம் 2000 இல் மடிக்கணினிகளுக்கு 'ஸ்பீட்ஸ்டெப்' என்னும் வசதியை அறிமுகம் செய்தது. 2007 இல் வந்த அசுஸ் ஈ பிசி 701 இல் இருந்த செலரோன் எம் முறைவழியாக்கிக்கு அவ்வசதி இல்லை. 900 மெகாஹேட்ஸ் வேகமுடைய அதனைத் தொடக்கத்தில் 630 மெகாஹேட்ஸில் நிலையாக ஓடுமாறே அமைத்திருந்தனர். அடுத்த ஆண்டு வந்த அட்டம் என் 270, தேவைக்கேற்ப 1.6 கிகாஹேட்ஸிலிருந்து 0.8 வரை தானே இறங்கக்கூடியது. முன்னையது நிரந்தரக் குறைப்பு, பின்னையது தேவைக்கேற்ற குறைப்பு. வேறுபாடு கேட்கப்பட்டால் இதை எழுதுக.

பயிற்சி: மீடிறன் 1.6 இலிருந்து 1.2 கிகாஹேட்ஸ் ஆகவும், வோல்ற்றளவு 1.0 இலிருந்து 0.8 ஆகவும் குறைந்தால், ஒரே வேலைக்கான முறைவழியாக்கியின் சக்தி எத்தனை சதவீதம் குறையும்?
(விடை: 36%. மீடிறன் தரப்பட்டிருப்பதைக் கண்டு ஏமாற வேண்டாம்.)