எல்லையோரக் கட்டடமும் அயலார் உரிமையும்

வீட்டை விரிவுபடுத்துவோர் மனையின் எல்லைவரை சுவரெழுப்ப விழைவது இயல்பு. ஆயின், காற்றும் வெளிச்சமும் புகவும், தீ பரவாதிருக்கவும் கட்டடத்தைச் சுற்றித் திறந்தவெளி விடவேண்டுமென உள்ளாட்சி விதிகள் பொதுவாக வற்புறுத்துகின்றன. 1970இல் முதன்முதலாக வெளிவந்து, பின்னர்த் திருத்தப்பெற்ற தேசியக் கட்டட விதித்தொகுப்பு இதற்கு வழிகாட்டி. இடைவெளியின் அளவை மாநிலங்கள் தத்தம் விதிகளில் வரையறுக்கின்றன.

நகராட்சியின் அனுமதி கிடைத்ததனாலேயே அயலாரின் உரிமை அற்றுப்போவதில்லை. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 15ஆம் பிரிவின்படி, ஒரு கட்டடம் 20 ஆண்டுகள் இடையறாது, உரிமையெனத் துய்த்துவந்த வெளிச்சமும் காற்றும் நிலைத்த உரிமையாகின்றன. அதற்குக் கணிசமான இடையூறு விளைந்தால் அயலார் இழப்பீடு கோரி வழக்குத் தொடரலாம்.

எனவே, வரைபடம் தீட்டுமுன் தம் மனையின் அளவோடு அடுத்த வீட்டுச் சன்னலையும் கருதுவது வீட்டுக்காரரின் கடமை.